உப்புக் கணக்கும் சந்தக் கணக்கும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைக் கடந்து கிழக்கே சென்றால், பனைமரங்கள் முடியும் இடத்தில் வெள்ளை வெளேரெனப் பாத்திகள் தொடங்குகின்றன. உப்பளம் நம் பகுதி மக்களுக்குப் புதியதன்று. நம்மிற் பலருடைய வீட்டு அடுப்பை எரியவைத்ததும் அதுவே. இந்த மரக்காணந்தான் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். யாழைச் சுமந்து, சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு, ஊர்விட்டு ஊர் நடந்து, பாடிப் பிழைத்த பாணர் கூட்டம் நடந்த வழி இது. அந்தப் பாணர் மரபு சங்க காலத்தோடு முடிந்துவிட்டது என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறோம். உண்மையில் அது முடியவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே ஒரு குழுவை முன்னின்று நடத்தித் தமிழ்நாடெங்கும் சுற்றி வந்த ஒருவர் இருந்தார். அவரும் வாழ்க்கையை உப்பிலேதான் தொடங்கினார். நம் அளத்தில் அன்று; தெற்கே தூத்துக்குடியில். ஆனால் அவர் கண்மூடியது நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில். அவர்தாம் நாடக உலகம் தலைமை ஆசிரியர் என்று போற்றும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரத் தேவருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணத்தில் தோய்ந்த புலவர். இராமாயணப் புலவர் என்றே ஊரார் அழைத்தனர். எனவே மகனுக்கு முதல் ஆசிரியரும் வீட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டார். பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்கும் பேறு கிடைத்தது. அக்காலத்தில் அவருடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். பிற்காலத்தில் திரைப்பாடலாசிரியராகப் புகழ்பெற்ற உடுமலை நாராயணகவி, இந்த முத்துசாமிக் கவிராயரின் மாணவரே.

தண்டபாணி சுவாமிகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெரும் முருகனடியார்; சந்தப் பாட்டிலும் வண்ணத்திலும் தமக்கு நிகர் இல்லாதவர். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் கௌமார மடம் கண்டு, 1898இல் அங்கேயே அடங்கினார். ஆக, ஆசிரியர் உறங்குவது நம் மாவட்டத்தில்; மாணவர் உறங்குவது நமக்கு அண்டையில். தெற்கே பிறந்த இருவரையும் இந்த மண் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் நம் கல்லூரியில் நூறு பேரைக் கேட்டால் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள் என்பது ஐயமே.

தமிழ் சோறு போடவில்லை. அதனால் இளைஞர் சங்கரன் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு என்பது வெறும் சமையல் சரக்கன்று. அரசாங்கத்துக்கு வரி சுரந்த பொருள். அளத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூட்டைக்கும் நிறையும் கணக்கும் உண்டு. அதைக் காக்கச் சட்டமும் காவலும் உண்டு. அத்தகைய இடத்தில் கணக்கு எழுதுவது நிலையான வேலை, மதிப்பான வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். பெற்றவர்களும் உற்றவர்களும் இதற்கு மேல் என்ன வேண்டுவார்கள்?

1891ஆம் ஆண்டில், தமது 24ஆம் வயதில், அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

இந்தச் செயலின் கனத்தை இன்று நாம் முழுவதும் உணர்வது அரிது. நாடகக்காரனுக்கு அந்நாளில் இருந்த பெயர் கூத்தாடி. அந்தச் சொல்லை மக்கள் எப்படி உச்சரித்தார்கள் என்பதை நம் தாத்தாமார்களைக் கேட்டால் தெரியும். வீடு வாடகைக்குக் கிடைக்காது. பெண் கொடுக்க மாட்டார்கள். பந்தியில் இடம் தள்ளியே கிடைக்கும். அதே 1891இல்தான் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஒரே ஆண்டில் தமிழ் நாடகத்துக்கு மூன்று வாயில்கள் திறந்தன என்று சொல்லலாம். ஆனால் மனோன்மணீயம் படிப்பதற்கு உரியது. அதன் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர். சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும். மறுநாள் காலை அவர்கள் தத்தம் அலுவலகத்துக்குப் போய்விடலாம். சங்கரனுக்குத் திரும்பிப் போக அலுவலகம் இல்லை. நாடகம் ஓடினால் உணவு, ஓடாவிட்டால் பட்டினி என்ற தொழில்முறைக் குழுவில் அவர் காலை வைத்தார். மூன்று வாயில்களில் இதுவே ஏழையின் வாயில். கட்டுரையாளனின் மனம் இதன் பக்கமே சாய்கிறது என்பதை மறைப்பானேன்?

அக்காலத் தொழில்முறை நாடகத்தின் நிலை என்ன? தஞ்சைக் கோவிந்தசாமி ராவ் மராத்திய நாடகத்தைப் பார்த்துத் தமிழில் குழு அமைத்திருந்தார். அவருடைய குழுவிலிருந்து பிரிந்த கல்யாணராமையர் போன்றவர்கள் தனிக் குழுக்களை நடத்தினர். பார்சிக் குழுக்கள் வடக்கிலிருந்து வந்து, வண்ணத் திரைகளையும் தந்திரக் காட்சிகளையும் காட்டி மக்களைக் கிறங்க வைத்தன. கதை நம் தெருக்கூத்தின் கதையே. பாரதமும் இராமாயணமும் புராணமுமே. ஆனால் அதற்குக் கட்டுக்கோப்பான எழுத்து இல்லை. நடிகன் மேடைக்கு வந்த பின்பே வசனத்தை இட்டுக்கட்டினான். மதுவருந்திவிட்டு வருவான், நடுக்கதையில் தன் மனம்போன பாட்டைப் பாடுவான், எதிரில் நிற்பவனை வேண்டுமென்றே மடக்கித் தலைகுனிய வைப்பான். அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கும்போது அவையில் கைதட்டல் வேண்டி ஒரு களிப்பான மெட்டை எடுத்துவிடுவான். இந்தக் காட்டிற்குள் யாப்பறிந்த ஒருவர், சந்தம் அறிந்த ஒருவர், வேலையை விட்டுவிட்டு வந்து புகுந்தார் என்பதே அடுத்து நிகழ்ந்த அனைத்துக்கும் காரணம்.

தொடக்கத்தில் அவர் நடிகர். எமதருமன், இராவணன், இரணியன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. கம்பீரமான உருவமும் கணீரென்ற குரலும் கொண்டவர். அவர் சனீசுவரனாக வேடமிட்டு நளதமயந்தி நடித்து முடித்த ஒரு விடியற்காலையில், வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, அங்கிருந்த பெண்ணொருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு நடுங்கி உயிர்விட்டாள் என்று சொல்வார்கள். மற்றொரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்தி மயங்கி விழுந்து கருச்சிதைவுற்றாள் என்றும் கூறுவர். நடிகனின் பெருமைக்குச் சான்றாகவே இந்த நிகழ்ச்சிகளை மேடைகளில் எடுத்துச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் இவற்றைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் கலை ஓர் உயிரைக் கொன்றது என்றே எடுத்துக்கொண்டார். வேடம் போடுவதை விட்டார். அதுமுதல் எழுதுவதும் பயிற்றுவதுமே அவர் பணியாயின. கைதட்டல் கிடைக்கும் இடத்திலிருந்து, கைதட்டல் கேட்காத திரைமறைவுக்கு ஒருவர் தாமாக நகர்வது எளிதா என்பதை மேடையேறிய மாணவர்கள் அறிவார்கள்.

சாமி நாயுடு என்பவரின் நாடக சபையில் ஆசிரியராக இருந்த காலத்தில் அவருக்கு உலகப் பற்றே அற்றுப்போயிற்று. காவி உடுத்துத் திருத்தலங்கள்தோறும் நடந்தார். சங்கரன் என்ற பெயர் சங்கரதாஸ் சுவாமிகள் என்றானது இந்தத் துறவினால்தான். அந்த நடைப்பயணம் புதுக்கோட்டையில் வந்து நின்றது. அங்கே வாழ்ந்தவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்ற சிறு தோற்கருவியைக் கருநாடக இசை மேடையில் மிருதங்கத்துக்குச் சமமாக உட்கார வைத்த பெருமகன் அவர். இலயக் கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை. உப்புக் கணக்கைத் துறந்து வந்தவரைத் தாளக் கணக்கு பிடித்துக்கொண்டது. மான்பூண்டியா பிள்ளை சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றார். திருப்புகழின் சிக்கலான சந்தங்களையும் தாளங்களையும் அவரிடம் சுவாமிகள் ஆழ்ந்து கற்றார். துறவியாகக் காடு மேடு அலைவதை விடுத்து நாடகத்துக்கே திரும்பும்படி அவரை வற்புறுத்தி அனுப்பியவரும் மான்பூண்டியா பிள்ளையே. அந்தக் கஞ்சிராக் கலைஞர் அன்று அதைச் செய்யாமல் இருந்திருந்தால், வள்ளி திருமணம் இன்றைய வடிவில் நமக்குக் கிடைத்திராது.

காவியைக் களையாமலே சுவாமிகள் கொட்டகைக்குள் மீண்டும் நுழைந்தார். வள்ளி வைத்தியநாதையர் குழுவிலும், அல்லி பரமேசுவர ஐயர் குழுவிலும், பின்னர் பி. எஸ். வேலு நாயரின் சண்முகானந்த சபையிலும் ஆசிரியராக இருந்தார். வள்ளி, அல்லி என்பன ஊர்ப் பெயர்களோ குலப் பெயர்களோ அல்ல. அந்தப் பெண் வேடங்களைப் போட்டுப் பெயர் வாங்கிய ஆண்கள், அந்தப் பெயரையே முன்னொட்டாகச் சுமந்தனர்!

இக்காலத்தில் எழுதிய பாடல்களே சுவாமிகளின் உண்மையான சாதனை. அவர் நாடகங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். 40 என்பாரும் உண்டு, 68 என்பாரும் உண்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், பிரகலாதன், அல்லி அர்ச்சுனா, சுலோசனா சதி, இலவகுசா, சதி அனுசூயா, அபிமன்யு சுந்தரி, ஞானசௌந்தரி ஆகியவை பெயர்பெற்றவை. சேக்சுபியரின் நாடகங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலப் பெருங்கவிஞனையும் அல்லியையும் ஒரே கொட்டகையில் ஏற்றியவர் அவர்.

இந்தப் பாடல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். படித்த புலவர் ஒருவர் நாடகம் எழுதினால் ஓசை கெடாமல் வெண்பாவும் விருத்தமுமாக எழுதி முடித்துவிடுவார். மேடையில் அது நகராது. வெறும் மேடைக்காரன் எழுதினால் மெட்டு இருக்கும், தமிழ் இராது. சுவாமிகள் வெண்பாவையும் விருத்தத்தையும் தக்க இடத்தில் வைத்தார். விருத்தம் தாளக்கட்டுக்கு உட்படாதது. ஆகவே குரல்வளமுள்ள நடிகன் தன் திறமையைக் காட்ட அங்கே இடம் உண்டு. அதை அடுத்துத் தாளத்தோடு கூடிய கீர்த்தனையோ சிந்தோ வரும். அங்கே கதை நகரும். வாக்குவாதத்துக்கு விரைந்து செல்லும் கண்ணிகள். துயரத்துக்கு நம் வீட்டுப் பெண்கள் பாடும் ஒப்பாரி. நகைச்சுவைக்குப் பார்சி மெட்டு. ஆர்மோனியப் பெட்டிக்காரர் சுருதி கொடுக்க, நடிகன் திரைக்குப் பின்னிருந்தே பாடத் தொடங்கி மேடைக்கு வருவான். முதலடியைக் கேட்ட உடனே வருபவன் அரசனா, வேடனா, முனிவனா என்பதை அவை அறிந்துகொள்ளும். பாட்டு முடிந்ததும் அதன் பொருளை எளிய உரைநடையில் சொல்லும் முறையும் வகுத்தார். எனவே எழுத்தறியாத உழவனும் பாட்டின் நயத்தை இழக்கவில்லை, கதையையும் இழக்கவில்லை.

அவர் நாடகங்களின் உயிர்நாடி தருக்கம். எமனோடு சாவித்திரி வாதிடுகிறாள். நாரதரோடு வள்ளி வாதிடுகிறாள். தெய்வமாகவும் முனிவராகவும் எதிரில் நிற்பவரை ஒரு பெண், அதுவும் வள்ளியைப் போலத் தினைப்புனம் காக்கும் வேடர் குலப் பெண், வினா மேல் வினாவாக எழுப்பி நிறுத்துகிறாள். இது மக்களுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்றென்றால், பிற்காலத்தில் வள்ளி, நாரதர் தருக்கமே மணிக்கணக்கில் நடந்து, முருகன் வரவேண்டிய நேரம் பொழுது புலர்வதாகிவிடுவதும் உண்டு. கற்புநெறி என்ற பழைய வேலிக்குள்ளேயே அவருடைய பெண்கள் நிற்கிறார்கள் என்று இன்றைய ஆய்வாளர் குறை கூறலாம், அது உண்மையும்கூட. நல்லதங்காளைக் கிணற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் கதையை அவர் மாற்றவில்லை. ஆயினும் வேலிக்குள் நிற்பவளுக்கு வாயைத் திறந்துவிட்டவர் அவர்.

1910இல் சுவாமிகள் சொந்தமாகவே ஒரு குழுவைத் தோற்றுவித்தார். சமரச சன்மார்க்க நாடக சபை என்பது பெயர். இந்தப் பெயரில் வடலூர் வள்ளலாரின் வாடை வீசுவதை யாரும் உணரலாம். பிற்காலத்தில் தமிழகத்தையே குரலால் கட்டிப்போட்ட எஸ். ஜி. கிட்டப்பா சிறு பிள்ளையாகப் பயின்றது இந்தக் குழுவிலேதான்.

அக்காலத்தில் தமிழ் நாடகத்தில் ஒரு புதிய வழக்கம் பரவிற்று. பெரியவர்களை அடக்கி ஆள முடியாது என்று கண்ட முதலாளிகள், சிறுவர்களை மட்டும் வைத்துக் குழு நடத்தத் தொடங்கினர். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அதை அழைத்தனர். பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்; எழுதிக் கொடுத்ததை மாற்றாமல் ஒப்பிப்பார்கள்; சம்பளத்துக்குச் சண்டை போட மாட்டார்கள். சுவாமிகளுக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு. தம் பாட்டு எழுதியபடியே மேடையில் ஒலிக்க வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. 1918இல் மதுரையில் நண்பர்கள் சிலருடைய துணையுடன் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் ஆறு வயதுப் பாலகனாக வந்து சேர்ந்தவர் டி. கே. சண்முகம், உடன் அவருடைய அண்ணன்மார்களும். சுவாமிகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருக்கும் செய்திகளில் பெரும்பகுதி, இந்தச் சிறுவர் வளர்ந்து ஔவை சண்முகமாகி, 1972இல் வெளியிட்ட எனது நாடக வாழ்க்கை என்ற நூலினாலும் பிற எழுத்துகளாலும் கிடைத்தவையே. அந்த நூல் நம் நூலகத்துக்கு வருமாயின் அலமாரியில் தூங்கவிட வேண்டாம் என்று மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சண்முகம் தரும் செய்திகளுள் ஒன்று எவரையும் வியக்க வைக்கும். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். பாட்டும் வசனமுமாக ஒரு முழு நாடகம். அடித்தல் திருத்தல் இல்லை. விளக்கருகே உட்கார்ந்தவர் பொழுது விடிந்தபோது எழுந்தார்; நாடகம் முடிந்திருந்தது. நாம் ஒரு திங்கள் கெடு வாங்கியும் ஒரு கட்டுரையை ஆண்டு மலருக்குக் கொடுக்கத் தவறுவதை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதில் மாயம் ஒன்றுமில்லை. தந்தையிடம் கேட்ட இராமாயணம், தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற யாப்பு, மான்பூண்டியா பிள்ளையிடம் கற்ற தாளம், மேடையில் நின்று அறிந்த அவையின் நாடி ஆகிய நான்கும் முப்பது ஆண்டுகள் அவருக்குள் ஊறிக் கிடந்தன. கடல்நீர் பாத்தியில் நாள்கணக்கில் காய்ந்த பிறகு, உப்பு பூப்பது ஓர் இரவில் நடந்ததுபோலத் தோன்றும் அல்லவா?

சுவாமிகள் கடிந்து பயிற்றும் ஆசிரியர். பாட்டில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பொறுக்க மாட்டார். அடிக்குப் பயந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோரைப் பிரிந்து, பள்ளிக்கூடம் காணாமல், இரவெல்லாம் விழித்து, ஊர்தோறும் மூட்டை கட்டிய அந்தச் சிறுவர்களின் பிள்ளைப் பருவத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைச் சுவாமிகளின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். குரல் உடையும் வயது வந்தவுடன் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, படிப்பும் இன்றித் தொழிலும் இன்றி நின்ற பாலநடிகர்கள் பலர். கலை வளர்ந்தது, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அதே வேளையில் இதையும் சொல்ல வேண்டும்: வேறு எங்கும் தமிழ் கற்க வழியில்லாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு யாப்பும் இசையும் வாரி வழங்கப்பட்டது அந்தக் கொட்டகையில்தான். ஔவை சண்முகம் கடைசிவரை தம் ஆசிரியர் பெயரைச் சொல்லும்போது நெகிழ்ந்தே சொன்னார்.

தம் பாட்டு மாறாமல் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய அதே மனிதர், அந்தப் பாட்டு தம்முடைய சொத்து என்று ஒருபோதும் வேலியிட்டுக் காக்கவில்லை. ஒரு குழுவை விட்டு விலகும்போது அங்கே எழுதிய நாடகங்களை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அடுத்த ஊர் போவார். நடிகர்கள் கேட்டும் கண்டும் மனப்பாடம் செய்து எடுத்துச் சென்றனர். பாட்டுப் புத்தகங்கள் சந்தைகளில் மலிவாக விற்றன. முதலாளிகள் கொட்டகை கண்டார்கள். வேடக்காரர்கள் பதக்கம் கண்டார்கள். ஆசிரியர் கண்டது இரண்டு காவித்துணி. இன்று தம் பாட்டைத் தாமே எழுதிக் குழுவோடு மேடையேறும் இளைஞர்கள், உரிமை, பங்குத்தொகை என்று கணக்குக் கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். கணக்கராக இருந்த சுவாமிகளுக்கு அந்தக் கணக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் கைவிட்டதே நாட்டுக்கு ஆக்கமாயிற்று. தெற்கே ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை வளர்ந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். பபூன் மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரர் நான்காவது ஊர். அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம் தடையின்றி நடக்கும். எப்படி? எல்லோரும் மனத்தில் சுமந்து வருவது சுவாமிகளின் ஒரே பாடம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இவ்வாறே நடக்கிறது. நம் பகுதியில் திரௌபதி அம்மன் விழாவுக்குத் தெருக்கூத்து எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

அவர் பாட்டைச் சுமந்து சென்றவர்களின் கதையும் பெரிது. 1920களின் நடுவில் இலங்கையில் வள்ளி திருமணம் ஆடச் சென்ற இடத்தில்தான் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலில் இணைந்தனர். விசுவநாத தாஸ் முருக வேடத்தில் நின்று, புராணக் கதைக்கு நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிச் சிறைக்குப் போனார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணம் நடிக்கும்போதே, முருகன் கோலத்திலேயே, மேடையில் அவர் உயிர் பிரிந்தது. பேசும்படம் வந்தபோது அதற்கும் சுவாமிகள் மேடையில் நிலைநிறுத்திய கதைகளே கைகொடுத்தன. தியாகராஜ பாகவதர் திரையில் முதன்முதல் தோன்றியது 1934இல் வந்த பவளக்கொடியில்.

இவை எதையும் சுவாமிகள் காணவில்லை. 1921இல் அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றது. ஆயிரக்கணக்கான பாடல்களை மடை திறந்தாற்போலச் சொன்ன வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எழுதிய கையும் அசையவில்லை. பிள்ளைகள் தவறாகப் பாடினால் திருத்தவும் வழியில்லை. சரியாகப் பாடினால் பாராட்டவும் வழியில்லை. அவருடைய பாட்டை அவரைச் சுற்றிலும் மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். எமனாக வேடமிட்டு அவையை நடுங்க வைத்தவர் ஏறத்தாழ ஓராண்டு இப்படி எமனுக்காகக் காத்திருந்தார். குழுவும் அவரைக் கைவிடவில்லை.

அந்தக் குழு புதுச்சேரிக்கு வந்திருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், திங்கட்கிழமை இரவு, சுவாமிகள் காலமானார். வயது 55. பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த ஊரில், கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தனர். பாரதியார் குயில் பாட்டுக்கு இடமாகக் கொண்ட தோப்பும் அதே கருவடிக்குப்பத்தில்தான். இரண்டு பாட்டுக்காரர்களுக்கு ஒரு சிற்றூர்!

ஆசிரியர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1925இல், டி. கே. எஸ். சகோதரர்கள் தமக்கெனத் தனிக்குழு அமைத்தனர். சுவாமிகளின் நாடகங்களே அவர்களுக்குக் கைம்முதல். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி என்ற பெயரில் காலாப்பட்டில் இயங்குகிறது. கூத்தாடி என்று ஒதுக்கப்பட்டவரின் பெயரால் இப்போது பட்டம் வழங்கப்படுகிறது. 2019இல் சென்னையில் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தபோது ஒரு சாரார் தம் அணிக்குச் சுவாமி சங்கரதாஸ் அணி என்றே பெயர் சூட்டிக்கொண்டனர். அவர் பெயரைச் சொன்னால் ஓட்டு விழும் என்று நம்பினார்கள் போலும். அவருடைய நாடகங்களில் எத்தனையை அவர்கள் படித்திருந்தார்கள் என்பது வேறு செய்தி.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவை செல்லும் பேருந்து காலாப்பட்டைக் கடந்துதான் போகிறது. இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே போனால் கருவடிக்குப்பம். ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாள் நாடகக் கலைஞர்கள் அங்கே அவர் நினைவிடத்தில் கூடி மாலை சூட்டி வணங்குகின்றனர்.